படாக் கட்டையும் குழாய்த் தண்ணீரும்

சென்ற மாதம் மதுரையிலிருந்து பெரியப்பா மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, புது வீட்டுக்கு நிலை வைக்கப் போகிறோம். நீ அந்தமான் காட்டிலாகாவில் இருந்தவன். படாக்கில் நாலு கட்டை கப்பலில் போட்டுவிடு" என்றார். "அதற்கு வழியில்லை அண்ணே" என்றேன். அவருக்கு மனத்தாங்கல். "உங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் காடுதானே, நாலு மரம் போனால் குறைந்தா போய்விடும்?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்கும். அண்ணனிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டதிலும் தவறில்லை. நம்மில் பலர் இந்தத் தீவுக்கு வந்ததே மரத்தால்தான். 1883-ல் இங்கே வனத்துறை ஏற்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் மர ஆலையும் வந்தது. படாக்கும் குர்ஜனும் நூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பலேறின. என் அப்பாவும் மர அறுவை வேலைக்கு வந்தவர்தான். எங்கள் வீட்டில் வெந்த சோறு, காட்டை வெட்டிய காசில் வெந்தது. அதை மறைப்பதற்கில்லை.

உச்ச நீதிமன்றம் அமைத்த ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 2002 மே 7-ல் உத்தரவு வந்தது. பழங்குடியினர் காப்புப் பகுதிகளிலும், தேசியப் பூங்காக்களிலும், சரணாலயங்களிலும் வெட்டு நின்றது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே மரம். முழுக்கட்டையாகவோ, பலகையாகவோ, பிளைவுட்டாகவோ மெயின்லாண்டுக்குப் போகக் கூடாது. ஆலை வேலையை நம்பியிருந்த வீடுகள் சிரமப்பட்டன. அன்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

என் மனம் மாறியது தண்ணீரால். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடும். பெரிய ஆறுகள் கிடையாது. சரிவான சிறு தீவு, பெய்த மழை சீக்கிரமே கடலுக்கு ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்தி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவது காட்டு மண்ணும் வேரும்தான். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையும் அப்படித்தான் நிரம்புகிறது. கோடையில் குழாயில் முறை வைத்துத் தண்ணீர் வரும்போது, குடத்தோடு காத்து நிற்கும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மெயின்லாண்டில் ஒரு காடு கெட்டால் பக்கத்துக் காட்டிலிருந்து விதையும் பறவையும் வந்து சேரும். தீவுக்கு நாலு பக்கமும் கடல். இங்கே செய்த பிழை இங்கேயே தங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்னப் புலியோ சிறுத்தையோ இங்கே இல்லை. மான் பெருகிக் கன்றுகளைக் கடித்துவிடுவதால், விழுந்த மரத்தின் இடத்தில் புது மரம் எழும்புவது கடினம். இன்டர்வியூ தீவில் ஒரு மரக் கம்பெனி 1960-களில் தன் யானைகளை விட்டுவிட்டுப் போனது. அவை காட்டு யானைகளாகி அங்குள்ள மரங்களின் பட்டையை உரித்தன. அண்மைக் காலத்தில் மெயின்லாண்டின் பெரிய தவளை இங்கே பரவியிருக்கிறது. மீன்குஞ்சுகளோடு கலந்து குளங்களுக்குப் பரவியதாகக் கருதுகிறார்கள். அதன் தலைப்பிரட்டைகள் நம் தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

ஆகவே வனத்துறையின் வேலை மரத்தை எண்ணுவது மட்டுமல்ல. எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று வாசலில் நின்று பார்ப்பதும்தான்.

2022-ல் கிரேட் நிக்கோபார் திட்டத்துக்குச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்க அனுமதி கிடைத்தபோது, ஈடாக ஹரியானாவில் மரம் நடலாம் என்றார்கள். துறைமுகம் வேண்டும் என்பவர்களுக்கும் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் ஹரியானா மரத்தின் நிழல் ஹரியானாவில்தான் விழும். அதன் வேர் நிக்கோபார் ஓடையில் தண்ணீர் நிறுத்தாது. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்ற கணக்கு தீவுக்குப் பொருந்தாது.

நம்மால் ஆகக்கூடியது சிறிது, ஆனாலும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது செடி, மீன்குஞ்சு, வளர்ப்புப் பிராணி எதையும் துறையைக் கேட்காமல் கொண்டுவர வேண்டாம். வண்டூர் கடல் பூங்காவுக்கு விருந்தினரை அழைத்துச் சென்றால், பவளத்துண்டோ சிப்பியோ பையில் போடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் கேட்கும் உறவினரிடம் முகம் கோணாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வருவதாக இருக்கிறார். தனிக்காரி அணைக்கரைக்கு அழைத்துப்போய் அந்தக் காட்டைக் காட்டப் போகிறேன். நிலைக்கதவை அவர் வேம்பில் செய்துகொள்ளட்டும். மதுரையில் அதற்கா பஞ்சம்!