தோல்வி காட்டிய வழி

‘டுவெல்த் ஃபெயில்’ என்னும் இந்தித் திரைப்படம் 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்தது. ‘பன்னிரண்டாம் வகுப்பில் தோல்வி’ என்பது அத்தலைப்பின் பொருளாகும். இந்தியக் காவல் பணி அலுவலர் மனோஜ் குமார் சர்மாவின் வாழ்க்கையைப் பற்றி அனுராக் பாடக் எழுதிய நூலைத் தழுவி, விது வினோத் சோப்ரா இப்படத்தை இயக்கினார். 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படத்திற்கான விருது இதற்குக் கிடைத்தது. வெற்றி பெற்ற ஒருவரின் கதைக்குத் தோல்வியைத் தலைப்பாக்கியது ஏன்?

கதை மத்தியப் பிரதேசத்தின் சம்பல் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் தொடங்குகிறது. அங்குத் தேர்வு நாளன்று ஆசிரியர்களே மாணவர்களுக்கு விடைகளைச் சொல்லிக் கொடுக்கின்றனர். அவ்வாண்டு துஷ்யந்த் சிங் என்னும் காவல்துறை அதிகாரி வந்து அம்முறைகேட்டைத் தடுத்துவிடுகிறார். மனோஜ் தேர்வில் தோற்கிறான். ஆயினும் அவனுக்கு அவர்மீது சினம் எழவில்லை. அவரைப் போல் ஆவதற்கு வழி கேட்கிறான். பார்த்து எழுதுவதை விட்டுவிட வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. மறு ஆண்டு தானே படித்து எழுதி, மூன்றாம் வகுப்பில் தேறுகிறான். பிறர் சொல்லக் கேட்டு எழுதிய மதிப்பெண், நமக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டாது. மனோஜின் மூன்றாம் வகுப்போ அவனுடைய உண்மையான அளவைக் காட்டியது. அங்கிருந்துதான் அவன் ஏறத் தொடங்கினான்.

பாட்டி சேர்த்துவைத்த பணத்துடன் புறப்பட்ட மனோஜின் பை வழியிலேயே திருட்டுப்போகிறது. தில்லியின் முகர்ஜி நகரை அடைந்து, நூலகத்தைத் துப்புரவு செய்தும் மாவரைக்கும் ஆலையில் உழைத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என அது மூன்று படிகளை உடையது. எந்தப் படியில் தவறினாலும், பரமபதத்தில் பாம்பின் வாயில் அகப்பட்ட காய்போல மீண்டும் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். இந்தி வழியில் பயின்ற மனோஜ், ‘டூரிசம்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ‘டெரரிசம்’ எனப் படித்து, சுற்றுலாவுக்கு மாறாகப் பயங்கரவாதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிடுகிறான்.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பயிலும் உங்களுக்கு இவ்விடர் புதிதன்று. முதன்மைத் தேர்வின் பெரும்பாலான தாள்களைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் விடையளிக்கலாம். அதற்கு மொழிப்பற்று மட்டும் போதாது. பிழையின்றி எழுதும் பயிற்சியும் வேண்டும்.

இறுதியில், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றது ஏன் என்று நேர்முகத் தேர்வில் மனோஜிடம் கேட்கின்றனர். பொய் சொல்லித் தப்பும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது. எனினும் நடந்ததை நடந்தவாறே கூறுகிறான். தோல்வியை மறைக்காத அந்த நேர்மையையே படத்தின் தலைப்பும் நமக்கு உணர்த்துகிறது.

சிந்தித்து எழுதுக:
1. துஷ்யந்த் சிங் முறைகேட்டைத் தடுத்தது மாணவர்களுக்குத் தீமையா, நன்மையா? காரணம் தருக.
2. நேர்மையாகப் பெற்ற குறைந்த மதிப்பெண் எவ்வாறு பயன்படும்? ஐந்து தொடர்களில் எழுதுக.