சேர்த்த பாயிண்டுகளைச் செலவிடும் விவேகம்

மாதந்தோறும் வரும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில், கட்ட வேண்டிய தொகையையும் கடைசித் தேதியையும் கவலையோடு பார்த்துவிட்டு அப்பால் வைத்துவிடுகிற பலர், அதே தாளில் ரிவார்ட் பாயிண்ட் என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கும் எண்ணைக் கவனிப்பதே இல்லை. வேறு சிலரோ, அந்த எண்ணை வளர்க்க வேண்டும் என்ற ஆசையிலேயே வேண்டாத பொருள்களையும் வாங்கிக் குவிக்கிறார்கள். அலட்சியம், அத்யாசை என்ற இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விவேகமான மார்க்கம் உண்டு. அதை அறிவதற்கு, அந்தப் பாயிண்டுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் 1,000 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கி, கார்டின் மூலம் நாம் பணம் செலுத்தும்போது, அந்த 1,000 ரூபாயும் முழுமையாகக் கடைக்காரர் கணக்கில் போய்ச் சேருவதில்லை. கிரெடிட் கார்டுப் பரிவர்த்தனைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் கழித்துக்கொள்ளப்படுவது வழக்கம். கார்டை அளித்த வங்கியும், கடைக்காரருக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற ஸ்தாபனங்களும் பங்கிட்டுக்கொள்ளும் அத்தொகையில் பெரும்பகுதி, கார்டை அளித்த வங்கியைச் சேருகிறது. அந்த வருமானத்திலிருந்தும், ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், பாக்கி வைப்பவர்கள் செலுத்தும் வட்டியிலிருந்தும் ஒரு சிறு பாகம் நம்மிடம் திரும்பி வருவதே ரிவார்ட் பாயிண்ட். ஆகவே அது வங்கியின் தயாள குணத்தினால் விளைந்த தானம் அன்று. நம் செலவிலிருந்தே பிறந்து, நமக்கு உரிமையாக வந்து சேரும் ஒரு சிறு தள்ளுபடிதான்.

இந்த ஏற்பாட்டின் வேர் மிகப் பழையது. 1896-ல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்பெரி அண்ட் ஹட்சின்ஸன் கம்பெனி பச்சை ஸ்டாம்புகளை அச்சிட்டு வியாபாரிகளுக்கு விற்க, அவர்கள் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு வாங்கிய தொகைக்குத் தக்கபடி அவற்றை இனாமாக வழங்க, வாங்கியவர்கள் புத்தகங்களில் ஒட்டிச் சேர்த்து, பாத்திரங்களும் விளக்குகளுமாக மாற்றிக்கொண்டார்கள். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பிரயாணிகளுக்கு மைல் கணக்கில் வெகுமதி அளிக்கத் தொடங்கி, 1987-ல் சிட்டிபாங்குடன் சேர்ந்து அதே மைல்களைக் கார்டுச் செலவுக்கும் வழங்கியது. இந்தியாவில் 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் கிரெடிட் கார்டை வெளியிட்டது. இன்று இங்கே கிரெடிட் கார்டென்றாலே பாயிண்டும் உடன் வருவது சகஜமாகிவிட்டது.

பாயிண்டைப் பற்றிய மிகப் பெரிய மயக்கம், அதன் எண்ணிக்கையையே மதிப்பென்று கொள்வதுதான். பல சாதாரணக் கார்டுகளில் 100 ரூபாய் செலவுக்கு ஒரு பாயிண்ட் கிடைக்கிறது. ஒரு பாயிண்டின் மதிப்போ 25 பைசா. அதாவது ஒரு லட்சம் ரூபாய் செலவழித்த கிருஹஸ்தருக்கு 1,000 பாயிண்டுகள் சேர்ந்திருந்தாலும், அவர் கைக்கு வரக்கூடியது 250 ரூபாய் பெறுமானமுள்ள பொருள்தான். மேலும், அதே பாயிண்ட் எதற்காக மாற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தும் மதிப்பு ஏறி இறங்குகிறது. எச்.டி.எஃப்.சி. வங்கியின் இன்ஃபினியா என்னும் உயர்தரக் கார்டில், விமான டிக்கெட்டுக்கோ ஹோட்டலுக்கோ மாற்றினால் ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய், கிஃப்ட் வவுச்சராக, அதாவது கிஃப்ட் கார்டாகப் பெற்றால் 50 பைசா, பில் தொகையில் கழித்துக்கொண்டால் 30 பைசா என்ற விகிதம் இருந்து வந்திருக்கிறது. வங்கிகள் இவற்றை அவ்வப்போது மாற்றுவதால், மாற்றும் தினத்தன்று நம் கார்டுக்குரிய அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

விமானப் பிரயாணமே செய்யாத குடும்பத்துக்கு ஒரு ரூபாய் விகிதத்தால் என்ன பிரயோஜனம்? அப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் கிஃப்ட் கார்டு பொருத்தமானது. மளிகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை, புத்தகக்கடை என்று, எப்படியும் நாம் பணம் கொடுக்கப்போகிற இடத்தின் கிஃப்ட் கார்டை வாங்கினால், அதன் முகமதிப்பு முழுவதும் நமக்கு ரொக்கத்துக்குச் சமானம். வங்கியின் பட்டியலில் பளபளப்பாகக் காட்சியளிக்கும் பொருள்களைப் பெறுவதைக் காட்டிலும் இது மேல். ஏனெனில், பொருளின் வெளிச்சந்தை விலையும் பட்டியல் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. கிஃப்ட் கார்டிலோ 500 ரூபாய் என்றால் 500 ரூபாய்தான்.

ஆனால் கணக்கிட வேண்டிய செலவு ஒன்று உண்டு. பாயிண்டுகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் சில வங்கிகள் 99 ரூபாயும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கின்றன, ஆக 116 ரூபாய் 82 பைசா. நமது உதாரணத்துக் கிருஹஸ்தர் 1,000 பாயிண்டுகளை உடனே மாற்றினால், 250 ரூபாயில் ஏறக்குறைய பாதி கட்டணத்துக்கே போய்விடும். 8,000 பாயிண்டுகள் சேரும்வரை பொறுத்திருந்து 2,000 ரூபாய்க்கு மாற்றினால், அதே கட்டணம் நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவாகிவிடும். அதற்காக நீண்ட காலம் பொறுத்திருப்பதும் கூடாது. பல கார்டுகளில் பாயிண்டுகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் காலாவதியாகின்றன. வாடிக்கைக்காரர்கள் எத்தனை பாயிண்டுகளை உபயோகிப்பார்கள், எத்தனையை மறந்துவிடுவார்கள் என்பதைக் கணித நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட்டே வங்கிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் அதற்கென்று பணம் ஒதுக்குகின்றன. நமது மறதியும் அங்கே ஒரு கணக்கு!

கையில் வந்த கிஃப்ட் கார்டுக்கும் விதிகள் உண்டு. ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வங்கிகள் முதலியவை வெளியிடும் கிஃப்ட் கார்டின் உச்ச மதிப்பு 10,000 ரூபாய். அதில் மீண்டும் பணம் நிரப்பவோ, அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ முடியாது. ஒரே கடை தன் சொந்தப் பொருள்களுக்கென்று வெளியிடும் கார்டுகள் ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவைப்படாத தனி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அந்தக் கடையின் நிபந்தனைகளே பிரமாணம். ஆகையால், எந்தத் தேதி வரை செல்லும், தொகையைப் பல தடவையாகப் பிரித்து உபயோகிக்கலாமா, ஒரே பில்லில் இரண்டு கார்டுகளை ஏற்பார்களா, தங்க நாணயம் போன்ற பொருள்களுக்கு விலக்கு உண்டா என்பவற்றை மாற்றுவதற்கு முன்பே படித்துக்கொள்ள வேண்டும். கார்டு வந்த பிறகு அதன் எண்ணையும் பின் நம்பரையும் ரொக்கத்தைப்போல் பாதுகாக்க வேண்டும். அவை தெரிந்த எவரும் அதைச் செலவழித்துவிட முடியும்.

இவ்விஷயத்தில் மோசக்காரர்களும் நிரம்ப உண்டு. உங்கள் பாயிண்டுகள் இன்று இரவோடு தீர்ந்துபோகும் என்று அவசரப்படுத்தி, ஒரு லிங்கைத் தொடும்படியோ ஓ.டி.பி.யைச் சொல்லும்படியோ கேட்டு வருகிற செய்தி எதையும் நம்பலாகாது. வங்கியின் ஆப்பையோ இணையதளத்தையோ நாமே திறந்து பார்ப்பதுதான் உத்தமம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்குத் தெரிவித்து, இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணிலும் புகார் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி வாங்கும் கார்டுகள் சாதாரணம். 20,000 ரூபாய்ப் பாக்கியை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஜி.எஸ்.டி. நீங்கலாகவே 700 ரூபாய் வட்டி விழுகிறது. 100 ரூபாய்க்கு 25 பைசா தரும் பாயிண்டுகளால் அந்த 700 ரூபாயை ஈடு செய்ய வேண்டுமானால், 2,80,000 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும்! பாயிண்டுகள் ஆசை காட்டி நம்மை 100 ரூபாய் அதிகமாகச் செலவழிக்கச் செய்துவிட்டாலே, 25 பைசாவுக்காக நாம் இழப்பது அதைப்போல் நானூறு மடங்காகிவிடுகிறது.

ஆதலால், பில்லைக் குறித்த தேதியில் முழுமையாகக் கட்டி, தேவையானதையே வாங்கி, சேர்ந்த பாயிண்டுகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்து, அன்றாடம் போகிற கடையின் கிஃப்ட் கார்டாக ஒரே தடவையில் மாற்றிக்கொள்வதே சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. அத்துடன், கடைக்காரர்கள் கார்டுக் கழிவையும் தங்கள் செலவுகளில் சேர்த்தே விலையை நிர்ணயிப்பதால், கார்டே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் நம் பாயிண்டுகளுக்கு ஓரளவு விலை கொடுக்கிறார் என்பதை மறக்கலாகாது. அப்படிச் சேர்ந்ததைக் காலாவதியாக விட்டு வங்கியிடமே திருப்பிக் கொடுப்பது நியாயமன்று. வேண்டாத ஒரு பொருளுக்காக அதைக் கரைப்பதும் நியாயமன்று. 2,000 ரூபாய்க் கிஃப்ட் கார்டு ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகமாகவோ, வீட்டுக்கு ஒரு மாதத்து மருந்தாகவோ மாறுமானால், அந்தப் பாயிண்டுகளின் முழுப் பயனையும் நாம் அடைந்தவர்கள் ஆவோம்.