ஒருவர், ஒருதலை, ஒருதரப்பு

தனியாகச் செய்யும் காரியங்கள் எல்லாம் ஒரே ரகமல்ல. 1947-இல் கல்கத்தாவில் காந்தி இருந்த உண்ணாவிரதம் இந்தச் சொற்களையும் சோதித்தது.

1947 செப்டம்பர் 1, இரவு. கல்கத்தாவின் பேலியாகட்டா பகுதியில் உள்ள ஹைதரி மன்ஸில் வீட்டுக்கு ராஜாஜி வந்தார். மேற்கு வங்கத்தின் கவர்னராகி அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் இரவு ஒரு கும்பல் அந்த வீட்டுக்குள் புகுந்து ஜன்னல்களை நொறுக்கியிருந்தது. நகரில் மீண்டும் கலவரம். உள்ளே இருந்த 77 வயது காந்தி, இரவு 8.15 மணிக்கே உண்ணாவிரதத்தைத் தொடங்கிவிட்டார்.

ராஜாஜிக்கு இதில் உடன்பாடில்லை. குண்டர்களை எதிர்த்து ஒருவர் பட்டினி கிடக்க முடியுமா என்று வாதாடினார். குண்டர்களின் பின்னால் நின்று மௌனமாக ஆதரிப்பவர்களின் மனதைத் தொடத்தான் இந்த முயற்சி என்பது காந்தியின் பதில். வாதத்தில் தோற்ற ராஜாஜி, அறிக்கையின் நகலில் ஒரு குறை கண்டுபிடித்தார். தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ள அதில் இடமிருந்தது. எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்தவருக்கு எலுமிச்சை எதற்கு? காந்தி அந்த வரியை அடித்துவிட்டார்.

காந்தியின் இந்தச் செயலை எந்தச் சொல்லால் குறிப்பது? 'தனியாக' எடுத்த முடிவா, 'ஒருதலைப்பட்சமான' முடிவா, 'தன்னிச்சையான' முடிவா? மூன்றையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடுவது இன்றைய செய்தித் தமிழின் வழக்கம். ஆனால் முதல் சொல் எண்ணிக்கையைச் சொல்கிறது. இரண்டாவது நியாயத்தைச் சந்தேகிக்கிறது. மூன்றாவது ஆளையே கண்டிக்கிறது.

வங்காளிகளிடம் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. துணையின்றி இருப்பது 'ஏகா'. பேச்சிலும் பாட்டிலும் அதுவே 'ஏக்லா'. சாதிசனம் ஒதுக்கிவைத்த குடும்பம் 'ஏக்-கோரே'. அதாவது ஒற்றை வீடு ஆக்கப்பட்டது. மறுபக்கத்தைப் பொருட்படுத்தாத செயல் 'ஏக்தர்ஃபா'. ஒருதலைக் காதலும், ஒரே அணி அடித்து நொறுக்கும் கால்பந்து ஆட்டமும் கல்கத்தாக்காரர்களுக்கு ஏக்தர்ஃபாதான். இதிலுள்ள 'தரஃப்' அரபியிலிருந்து வந்தது. தமிழின் 'தரப்பு'க்கும் அதுவே மூலம். ஆகவே 'ஒருதரப்பு' என்பது ஏக்தர்ஃபாவின் உடன்பிறப்பு.

ஏக்லா என்ற சொல்லுக்கு இன்றுள்ள கௌரவம் ரவீந்திரநாத் தாகூர் தந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொதித்த 1905-இல் அவர் எழுதிய 'ஏக்லா சலோ ரே' பாடல், அந்த ஆண்டு 'பண்டார்' இதழில் 'ஏகா' என்ற தலைப்பில் வெளியானது. இதைத் தனிமையின் புகழ்ச்சியாகவே பலர் நினைக்கிறார்கள். பாட்டு வைக்கும் நிபந்தனை வேறு: முதலில் கூப்பிடு, யாரும் வராவிட்டால் மட்டும் தனியாகப் போ. கூப்பிடாமலே கிளம்புகிறவருக்கு அதில் இடமில்லை.

நீதிமன்றத்திலும் இதே நியாயம்தான். பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வராத பிறகுதான் 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பு. அதற்குப் பிறகும் வராததற்குத் தக்க காரணம் காட்டினால் அதை ரத்து செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தமிழில் இதை 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு' என்கிறோம். கேட்பவருக்கு நீதிபதி ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று தோன்றும். இங்கே குழப்புவது 'தலை' அல்ல, பின்னால் ஒட்டிக்கொண்ட 'பட்சம்'.

பழந்தமிழில் ஒருதலைக்கு இந்தக் கெட்ட பெயர் இல்லை. அமைச்சரின் இலக்கணம் சொல்லும் 634-ஆம் குறளில், 'ஒருதலையாச்' சொல்வது துணிந்து உறுதியாகச் சொல்வது. காமத்துப்பாலின் 1196-ஆம் குறளில் அதே சொல் ஒரு பக்கத்து அன்பைக் குறிக்கிறது. அதன் துன்பத்தை விளக்க வள்ளுவர் காவடித் தண்டை உவமை காட்டுகிறார். இருபுறமும் எடை இருந்தால் தோளுக்குச் சுகம். ஒருபுறம் மட்டும் என்றால் பாரம். ஒரு பக்கத்துக் காதலுக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் கைக்கிளை. அன்பு செய்தவரை அது குற்றவாளி ஆக்கவில்லை. பதில் வரவில்லை என்று மட்டும் சொல்கிறது.

அந்த நிதானம் இன்றைய சொல்லில் இல்லை. 2000 டிசம்பரில் விடுதலைப்புலிகள் ஒரு மாதப் போர்நிறுத்தத்தைத் தாமாக அறிவித்தார்கள். இலங்கை அரசு பதிலுக்கு அறிவிக்கவில்லை. இப்படிப்பட்ட அறிவிப்பை 'ஒருதலைப்பட்சமான போர்நிறுத்தம்' என்பது செய்தி வழக்கு. சுடமாட்டோம் என்பதும், எதிரியைக் கேட்காமல் நிலத்தை வளைத்துக்கொள்வதும் ஒரே அடைமொழியில் அடங்கிவிடுகின்றன. 'தாமாக அறிவித்த போர்நிறுத்தம்' என்றிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கல்கத்தாவில் மவுண்ட்பேட்டனுக்கும் ஒரு சொல் சறுக்கியது. பஞ்சாபில் 55,000 படைவீரர்கள் இருந்தும் கலவரம். வங்காளத்தில் ஒருவரே படை, அங்கே கலவரமில்லை என்று ஆகஸ்ட் 26-ஆம் தேதி காந்திக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். ஐந்தாவது நாள் இரவே ஹைதரி மன்ஸில் தாக்கப்பட்டது. காந்தி ஒருவர் படையாக இருக்கவும் இல்லை. வங்காளத்தின் முன்னாள் பிரதமர் சுஹ்ரவர்தி தன்னோடு ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் ஆகஸ்ட் 13-ஆம் தேதி அந்த வீட்டுக்கு வந்தார். ஆயிரக்கணக்கானோர் மாண்ட 1946 ஆகஸ்ட் கலவரத்துக்கு இந்துக்கள் குற்றம்சாட்டியது அதே சுஹ்ரவர்தியைத்தான்.

உண்ணாவிரதமும் அப்படித்தான். பட்டினி ஒருவருடையது, பதில் சொல்ல வேண்டியது நகரம். இது ஒரு வகை நிர்ப்பந்தம்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏக்தர்ஃபா என்று முத்திரை குத்த வேண்டுமானால் மறுதரப்பின் பதில் தேவையற்றதாக இருக்க வேண்டும். இங்கே பதில் வராமல் காரியம் முடியாது. அந்தப் பதில் வந்தது. இளைஞர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். இந்து மகாசபை, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் நான்காம் தேதி கூடினார்கள். கலவரம் மீண்டும் மூண்டால் உயிரைக் கொடுத்தாவது தடுப்பீர்களா என்று காந்தி கேட்டார். வாய்வார்த்தை போதவில்லை. எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இரவு 9.15 மணிக்கு, 73 மணி நேரத்துக்குப் பிறகு, சுஹ்ரவர்தி நீட்டிய பழச்சாற்றைக் காந்தி வாங்கிக் குடித்தார். ராஜாஜி அடிக்கவைத்த சாறு மறுதரப்பின் கையால் வந்து சேர்ந்தது. ஹைதரி மன்ஸில் இன்று காந்தி பவன் என்ற பெயரில் நினைவிடமாக இருக்கிறது. காந்தி பிடிவாதமாக ஆரம்பித்த காரியத்துக்கு 'ஏக்லா' பொருந்தும். அது முடிந்த விதத்துக்குத் தமிழில்தான் சொல் இருக்கிறது. காவடித் தண்டின் மறுமுனையை வள்ளுவர் சொன்ன 'இருதலை' அது.