நிற்கும் திறனும் பயிற்சியால் வளரும்

முதியோர் கால் இடறி விழுவதைத் தள்ளாமையின் இயல்பான விளைவாகக் கொண்டு, பார்த்து நடக்கச் சொல்வதோடு நின்றுவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. இவ்வளவு பெரிய இழப்பை மூப்பின்மேல் பழிபோட்டுக் கடந்துபோவது சரியன்று.

கண் தரும் காட்சி, தலையின் அசைவையும் சாய்வையும் அறியும் உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் இருந்து நரம்பு வழியே மூளைக்குச் செல்லும் நிலையுணர்வு ஆகிய மூன்றும் ஒத்துழைப்பதாலேயே உடல் சாயாமல் நிற்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுசெய்யும் என்பதால்தான், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் பகலில் தடுமாறாமல் நடந்தாலும், கண்ணின் துணை கிட்டாத இருட்டில் குளியலறைக்குச் செல்லும்போது நிலைகுலைகிறார். இடறிய நொடியில் ஓர் அடியை விரைந்து எடுத்துவைத்துச் சமாளிக்கத் தொடையிலும் கணுக்காலிலும் வலு வேண்டும். விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்பவரிடம் அந்த வலுவே முதலில் கரைகிறது.

இக்குறையைச் சரிசெய்ய நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டம், 80 வயதைக் கடந்த பெண்களிடம் முதலில் சோதிக்கப்பட்டு, 1997இல் அதன் முடிவு வெளியானது. பின்னர் 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேர் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழும் நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. மாத்திரை எதுவுமின்றி, வாரம் மூன்று நாள் அரைமணி நேர உழைப்பால் கிடைத்த பலன் இது.

அத்திட்டத்தில் ஒரு பயிற்சி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியை ஒட்டி வைத்து, இரு பாதங்களும் ஒரே கோட்டில் அமைய நிற்பது. முதலில் சமையல் மேடையை இரு கைகளாலும் பற்றியும், பின் ஒரு கையால் பற்றியும், தடுமாற்றம் அடங்கிய பின்னரே கையை விட்டும் நிற்கப் பழகுகின்றனர். அடுத்த கட்டத்தில் அதே முறையில் நடக்கின்றனர். பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே போகும் இந்தப் படிப்படியான கடினமே பயிற்சியின் உயிர். எளிதாகிவிட்டதை அப்படியே திரும்பச் செய்வதால் சமநிலை வளராது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடத்தல், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக் காலை உயர்த்துதல் ஆகியனவும் இதில் அடங்கும்.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்ற எண்ணம் தவறானது. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் விழுதல் 23 விழுக்காடு குறைவதை உறுதிசெய்தபோதும், அப்பலனுக்குச் சமநிலைப் பயிற்சியையே முதன்மையாகச் சுட்டியது; நடை மட்டும் பலன் தரும் என்பதற்குத் தெளிவான சான்று அதில் இல்லை.

வீட்டுப் பெரியவர் கடந்த ஓராண்டில் ஒருமுறை விழுந்திருந்தாலும், நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருந்தாலும், அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று தலைச்சுற்றல், பார்வை, உட்கொள்ளும் தூக்க மாத்திரைகள் ஆகியவற்றை ஆராயச் செய்து, இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சியைத் தொடங்கிவைக்கக் குடும்பத்தார் தாமதிக்கலாகாது.