கைத்தையல் போர்வை: கொடுக்குமுன் துவைக்க வேண்டுமா?

பிள்ளை பிறந்த வீட்டிற்கும் நெடுநாள் சிகிச்சை பெறுபவருக்கும் கையால் தைத்த போர்வையை அன்பளிப்பாகக் கொடுப்போர் உண்டு. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தைப்பதும், புதுத்துணித் துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பதும் வழக்கம். தைத்து முடித்தபின் ஓர் ஐயம் எழுகிறது. துவைத்தால் புதுமை குன்றும். துவைக்காவிட்டால் தூய்மை குறித்த கவலை. எதைத் தேர்வது?

பெறுபவர் பச்சிளங்குழந்தையாகவோ நோயாளியாகவோ இருப்பின் விடை ஒன்றே: துவைத்து, முழுவதும் உலர்த்திய பின்னரே கொடுக்க வேண்டும்.

துணியில் தங்கியிருப்பவை

புதுத்துணியில் கஞ்சியும் மிகுதிச் சாயமும் இருக்கும். சுருக்கம் விழாதிருக்கச் சில துணிகளுக்கு ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சு தரப்படுகிறது. இவை மென்மையான தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடும். தைக்கும் வாரங்களில் கைவியர்வையும் தூசியும், வீட்டில் பூனை அல்லது நாய் இருப்பின் அவற்றின் முடியும் போர்வையில் படிகின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு இவை தொல்லை தரும்.

சுருங்கிவிடும் என்ற அச்சத்திலும் பொருளில்லை. பருத்தி முதல் துவையலில் ஓரளவு சுருங்கத்தான் செய்யும். அச்சுருக்கம் கொடுப்பவர் வீட்டிலேயே நிகழ்ந்துவிட்டால், விட்டுப்போன தையலை அவரே சரிசெய்துவிடலாம்.

பாச்சை உருண்டையுடன் வைத்திருந்த சேலை

இக்கட்டுரையில் மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. பழைய சேலைகள் பெரும்பாலும் பீரோவில் பாச்சை உருண்டையுடன் வைக்கப்பட்டிருக்கும். பல உருண்டைகளில் நாஃப்தலீன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது ஆவியாகித் துணியில் ஏறும். அத்துணியால் போர்த்தப்படும் குழந்தையின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். எண்ணெய் தடவிய தோலில் இது இன்னும் எளிதாக நிகழக்கூடும்.

ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் பெருந்தீங்கு விளைவிக்கும். அவர்களின் சிவப்பணுக்கள் விரைந்து சிதைந்து, இரத்தசோகையும் கடும் மஞ்சள்காமாலையும் ஏற்படலாம். மஞ்சள்காமாலை முற்றினால் மூளையும் பாதிக்கப்படும். இக்குறை ஆண் குழந்தைகளிடம் மிகுதி. பல குடும்பங்களில் இது இருப்பதே தெரியாது.

எனவே, பாச்சை உருண்டையுடன் இருந்த துணியைப் பச்சிளங்குழந்தைக்கான போர்வைக்குத் தேர்ந்தெடுக்காதிருப்பதே நன்று. வெயிலில் ஒருமுறை காயவைத்தல் மட்டும் போதாது. பல அடுக்குகளாகத் தைத்த பின் துவைத்தாலும் உள்ளடுக்கில் மணம் தங்கக்கூடும். துவைத்து உலர்த்திய பிறகும் மணம் வீசினால் அப்போர்வையைக் குழந்தையின் அருகில் வைக்க வேண்டாம். அத்தகைய துணியைப் பயன்படுத்திய குழந்தைக்குக் கண்ணோ தோலோ மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், வெளிறிப்போதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். துணி குறித்தும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை பெறுபவருக்கு

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர் பலருக்கு மணங்கள் குமட்டலைத் தூண்டும். ஆகவே நறுமணச் சோப்புத்தூளும் துணி மென்மையாக்கியும் வேண்டாம். அத்தரும் தெளிக்க வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றும். அரைகுறையாக உலர்ந்த போர்வையில் பூஞ்சை வளரும் என்பதால், துவைப்பதைப் போலவே உலர்த்துவதும் இன்றியமையாதது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கோ போர்வையைக் கொண்டுவருமுன் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

தைத்தவர் வீட்டில் எவருக்கேனும் சொறிநோய் இருந்து, அவர் துணிகளுடன் போர்வையும் புழங்கியிருந்தால், 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் குறைந்தது 10 நிமிடம் ஊறவைத்துத் துவைக்க வேண்டும்.

துவைக்கும் முறை

1. முதலில் போர்வை முழுவதையும் கையால் மெல்லத் தடவி, குண்டூசியோ ஊசியோ தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். பொத்தான், மணி, சரிகை ஆகியவற்றையும் நீக்குங்கள்.

3. நனைத்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் அப்போர்வையைத் தனியே அலசுங்கள். நீர் தெளியும்வரை அலசல் தொடரட்டும்.

4. மணமற்ற சோப்பை அளவாகப் பயன்படுத்தி, வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். துணியில் எஞ்சிய சோப்பு தோலில் எரிச்சல் உண்டாக்கக்கூடும்.

5. முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். வெயிலில் இருபுறமும் திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். மழைக்காலமாயின் மின்விசிறியின் கீழ் விரித்து வையுங்கள். நடுப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் உலரவில்லை என்று கொள்க.

6. உலர்ந்தபின் தூய பருத்திப் பையில் இட்டுக் கொடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம்.

உடன் சேர்க்க வேண்டிய குறிப்பு

எவ்வகைத் துணி, எவ்வாறு துவைக்கலாம், ஏற்கெனவே துவைக்கப்பட்டதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். பெறுபவர் தயங்காமல் பயன்படுத்த அது உதவும்.

குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை, உறங்கும்போது தளர்வான போர்வையால் மூடக்கூடாது. முகத்தின்மேல் விழுந்து மூச்சை அடைக்கலாம். அதுவரை, குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் பெரியவர் ஒருவர் பார்வையில் கிடத்தி விளையாடவிட, அதே போர்வை பயன்படட்டும்.