யாழ்ப்பாணக் கோட்டை: கற்கள் காட்டும் வரலாறு

பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது கல்லே. அலைகள் கரையை அணுகுமுன் கற்பாரில் மோதி உடைவதை அங்கே காணலாம். பருத்தி ஏற்றப்பட்ட துறையாதலின் தமிழர் அதனைப் பருத்தித்துறை என்றனர் என்பது வழக்கு. போர்த்துக்கேயரோ கல்லைக் கண்டு ‘பொன்ரா டாஸ் பெட்ராஸ்’, அஃதாவது ‘கற்களின் முனை’ என்றனர். அப்பெயரே ஆங்கிலேயர் நாவில் ‘பொயின்ற் பீற்றோ’ எனத் திரிந்து, ஓர் ஆளின் பெயர்போல் ஒலிக்கலாயிற்று. இக்கரையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தென்மேற்கே, கடனீரேரியின் ஓரத்தில், குடாநாட்டிற்கே உரிய முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் எழுப்பப்பட்ட யாழ்ப்பாணக் கோட்டை அமைந்துள்ளது. அதனைக் காணச் செல்வோர் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கோட்டை என்றதும் வானளாவிய கோபுரங்களையும் உயர்ந்த மதில்களையும் எதிர்பார்த்துச் செல்வோர் சற்று ஏமாற்றமடைவர். ஐரோப்பாவின் மத்தியகாலக் கோட்டைகள் உயரத்தையே வலிமையாகக் கொண்டவை. பீரங்கி வந்தபின் அவ்வுயரமே குறையாயிற்று. 1453ஆம் ஆண்டிற் கொன்சுதாந்திநோப்பிளின் பெருமதில்களைத் துருக்கியரின் பீரங்கிகள் தகர்த்தமை இதற்குத் தக்க சான்றாகும். அதன்பின் கோட்டைகள் தாழ்ந்தன, மதில்கள் பருத்தன, மதிலின் உள்ளே மண் நிரப்பப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை இப்பிற்கால வகையைச் சார்ந்தது.

அதன் ஐங்கோண வடிவம் அழகு கருதியதன்று. ஒவ்வொரு மூலையிலும் அம்பு முனைபோல் வெளியே நீண்டுள்ள கொத்தளத்தினின்று அடுத்த கொத்தளத்தின் பக்கத்தையும் இடைமதிலின் அடியையும் சுடலாம். எனவே, பகைவன் மதிலடியில் ஒதுங்கி நிற்க மறைவிடம் இல்லை. ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ற், பிரீஸ்லாந்து எனத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே ஒல்லாந்தர் இட்டனர். அகழியும் அதனையடுத்த வெளியரண்களும் பீரங்கிகள் அணுகுவதைத் தடுக்க எழுந்தவை.

இவ்விடத்தில் முதலிற் கோட்டை கட்டியோர் போர்த்துக்கேயராவர். 1619இல் சங்கிலி குமாரன் சிறைப்பட, நல்லூர் அரசு வீழ்ந்தது. வெற்றி பெற்ற பிலிப் டி ஒலிவேரா ஆட்சியிடத்தை நல்லூரிலிருந்து கடனீரேரிக் கரைக்கு மாற்றினான். அங்கெழுந்த நாற்கோணக் கோட்டையை 1658இல், மூன்று மாதத்திற்கு மேற்பட்ட முற்றுகையின் பின், ரிக்லோப் வான் கோயன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்கள் அதனை ஐங்கோணமாகத் திருத்தி அமைத்த பணி 1680இல் நிறைவெய்தியது. வெளியரண்கள் முற்றுப்பெற்றது 1792இலேயாம். மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை போரின்றியே ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துக் கட்டிய அரண், எப்பகைவரை எண்ணிக் கட்டப்பட்டதோ அப்பகைவர்மீது ஒரு முற்றுகையையேனும் தாங்கிக் காட்டவில்லை என்பது நோக்கற்பாலது.

இனி, கற்களைச் சற்று அணுகி நோக்குவோம். நல்லூர்க் கோயிலை இடித்த கற்கள் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கும் மரபு. அம்மரபின் ஒவ்வொரு கூறும் மெய்ப்பிக்கப்பட்டதென்று கொள்ளல் இயலாதெனினும், கோட்டைக்குள் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. பதினோராம் நூற்றாண்டில் எழுத்துப் பொறித்த கல், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அரணுக்குள் காணப்படுமாயின், பழைய கட்டடங்களின் கற்கள் இங்கு வந்து சேர்ந்தன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மதிலுக்குக் கீழே உள்ள மண் இன்னும் பழைமையானது. அண்மைக்கால அகழாய்வுகளில் ‘ரௌலட்டட்’ எனப்படும் வரிவேலைப்பாடு கொண்ட தொன்மையான மட்கலங்களின் ஓடுகளும், சீன மட்கலங்களின் ஓடுகளும் இங்கே வெளிப்பட்டன. ஆதலின், போர்த்துக்கேயர் வெற்றுமணலில் வந்திறங்கினர் என்று கருதுதல் பொருந்தாது. கடல்வழி வாணிகம் பல நூற்றாண்டுகளாக நிலவிய ஒரு துறைமீதே அவர்தம் கோட்டை அமர்ந்தது.

கோட்டையின் இறுதி ஏடு நம் காலத்தது. 1990இல் மூன்று மாதத்திற்கு மேல் நீடித்த முற்றுகையும் அதனைத் தொடர்ந்த அழிவும் மதில்களைச் சிதைத்தன. 1706இற் கட்டப்பட்டதும், சிலுவை வடிவினதுமான ஒல்லாந்தர் தேவாலயம் இடிபாடாயிற்று. ஐரோப்பியர் எதிர்நோக்கிய முற்றுகை, அவர் சென்று நெடுங்காலத்தின் பின், இந்நாட்டு மக்களிடையே மூண்ட போரில் நிகழ்ந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு புனரமைப்புப் பணிகள் நடைபெற்றன.

இங்கு ஒரு வினா எழுகின்றது. புனரமைப்பு என்பது யாருடைய கோட்டையை மீட்பது? மதில்களை 1680இல் இருந்தவாறே நிறுத்தினால் ஒல்லாந்தர் கோட்டை நமக்குக் கிட்டும். ஆயின் சோழர் காலக் கல்லும், மண்ணடியில் உறங்கும் மட்கல ஓடும், இடிந்த தேவாலயமும் சொல்வன மறைந்துவிடும். அந்நியன் அடிமைப்படுத்தக் கட்டியது என்று இதனை வெறுத்தொதுக்குவதும் தக்கதன்று. கல் இந்நிலத்தது, அதனைச் சுமந்த தோளும் பெரும்பாலும் இந்நிலத்ததே. பல கைகள் மாறி மாறி எழுதிய சுவடி ஒன்றில் ஒருவர் எழுத்தை மட்டும் பெயர்த்தெழுதுவது பதிப்பாகாது. கோட்டையும் அத்தகையதே. புதுக்கிய பகுதி இது, பழைய பகுதி இது, சிதைந்த பகுதி இது எனக் காண்போர் பிரித்தறியுமாறு அதனைப் பேணுதலே முறையாகும்.

ஆகவே, அங்குச் செல்லும் மாணவர் கொத்தளத்தின்மேல் ஏறிக் கடற்காட்சியைக் கண்டு மீள்வதோடு அமையாது, மதிலருகே நின்று ஒரு கல்லையேனும் உற்று நோக்குவாராக. அது எங்கிருந்து வந்தது, எதில் இருந்தது, யார் கையாற் பெயர்ந்தது என்று வினவத் தொடங்கும்போதே வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.