முதல் ஜெட் ஸ்கி: புதுசா, பழசா?

நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கியை முதன்முதலாக வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: "புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட் போதுமா?" செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள் என்பது என் பதில். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்தப் பழசு, அதில் எதைப் பார்ப்பது, யாருக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், பேசுவோம்.

கோவாவிலோ பட்டாயாவிலோ சுற்றுலா போனபோது சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருப்பீர்கள். அது வேறு வகை. இதில் சீட்டே கிடையாது. பின்பக்கம் திறந்த ஒரு தட்டு இருக்கும். அதில் நின்றுகொண்டு, மேலும் கீழும் அசைகிற ஒரு கம்பத்தின் நுனியில் இருக்கும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் பம்ப் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுவதால் வண்டி முன்னே போகிறது. வேகம் இருந்தால்தான் அதன் மேல் நிற்கவே முடியும். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரின் யோசனை இது. 1973-இல் கவாசாகி சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் இதற்கு வலுவான சந்தை அமெரிக்காவில் இருக்கிறது. அரிசோனாவில் லேக் ஹவாசு என்ற ஏரியில் இதற்கான உலகப் போட்டியே பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. அதனால் நான் சொல்லும் விலையும் சட்டமும் அமெரிக்கக் கணக்கு. அங்கே வேலைக்குப் போய், ஏரிக்கரையில் இந்த வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

புதுசுதான் வேண்டும் என்று ஷோரூமுக்குப் போனால், பெரிய கம்பெனிகளில் இரண்டு பெயர்கள்தான் கண்ணில் படும். ஒன்று யமஹா சூப்பர்ஜெட். 2021-இல் புது வடிவம் எடுத்தது. 1049 சிசி, மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், எடை சுமார் 170 கிலோ. வந்தபோது விலை 9,499 டாலர். இன்னொன்று கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர். 2011-க்குப் பிறகு கவாசாகி இந்த வகையைச் சில ஆண்டுகள் தயாரிக்காமல் இருந்தது. 2017-இல் 1498 சிசி இன்ஜினோடு திரும்பி வந்தது. அப்போது விலை 9,999 டாலர், எடை சுமார் 250 கிலோ. இதற்கு மேல் வரி, பதிவுக் கட்டணம், டிரெய்லர், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

பழைய சந்தையில் கிடைப்பது இதே வண்டியின் தேய்ந்த பிரதி என்று நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்தான். அமெரிக்க அரசு 1990-களின் பிற்பகுதியிலிருந்து படகு இன்ஜின்களின் புகைக்குக் கட்டுப்பாடுகளை இறுக்கிக்கொண்டே வந்ததால், டூ ஸ்ட்ரோக் மெல்ல மெல்ல ஒதுங்கியது. யமஹா 1990-இல் தொடங்கிய டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டை மட்டும் 2020 வரை விடாமல் தயாரித்தது. அதன் எடை 139 கிலோதான். புது சூப்பர்ஜெட்டைவிட 30 கிலோ குறைவு. புது கவாசாகியைவிட 110 கிலோவுக்கு மேல் குறைவு. புதியவருக்கு இந்த எடைக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

முதல் சீசனில் நீங்கள் செய்யப்போகும் வேலை விழுவது. ஆழமான தண்ணீரில் பின்பக்கமாக நீந்திப் போய், தட்டில் மார்பை ஏற்றி, த்ராட்டிலை மெல்ல அழுத்தி, வண்டி நகரத் தொடங்கியதும் முழங்காலுக்கு வந்து, பிறகு ஒரு காலை ஊன்றி எழுவீர்கள். எழுந்ததும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சரிவீர்கள். மறுபடியும் அதே நீச்சல். கை சோர்ந்துபோனால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துவது, அலையில் தள்ளிப் போனதைத் துரத்திப் பிடிப்பது, கரைக்கு இழுப்பது, டிரெய்லரில் ஏற்றுவது எல்லாவற்றிலும் எடை உங்கள் தோளில்தான் விழும். பெரிய கவாசாகி வேகம் எடுத்த பிறகு நல்ல நிதானமாகப் போகும் வண்டி, நிற்கவும் எளிது. ஆனால் தண்ணீருக்கு வெளியே ஒருவர் தனியாகச் சமாளிக்கக்கூடிய வண்டி கிடையாது. அதன் இழுவையும் புதியவரின் கைக்கு அதிகம்.

விழும்போது வண்டியும் அடிபடும். கரையில் உரசும், பாறையில் இடிக்கும், டிரெய்லரில் கோணலாக ஏறிக் கீறிக்கொள்ளும். பத்தாயிரம் டாலர் வண்டியில் விழும் முதல் கீறல் உங்களை அடுத்த முறை பயந்து பயந்து ஓட்ட வைக்கும். பயத்தோடு ஓட்டுகிறவர் த்ராட்டிலை விட்டுவிடுவார். த்ராட்டிலை விட்டால் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுபோகும். தண்ணீர் நின்றால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏற்கெனவே பத்துக் கீறல் விழுந்த வண்டியில் ஓட்டக் கற்பவருக்கு அந்தத் தயக்கம் வராது. பழையதை நான் சொல்வதற்கு விலையைவிட இதுவே பெரிய காரணம்.

சரி, எந்தப் பழசு? 1996 முதல் வந்த 701 சிசி சூப்பர்ஜெட் என் முதல் தேர்வு. அந்த ஆண்டில்தான் முன்மூக்கு உருண்டையான புது உடல் வந்தது. வண்டிக்காரர்கள் 'ரவுண்ட் நோஸ்' என்பார்கள். அதற்கு முந்தையது 'ஸ்கொயர் நோஸ்', விலை குறைவு, மோசமில்லை. உங்கள் எடை 90 கிலோவைத் தாண்டினால் கவாசாகி 750 எஸ்எக்ஸ்ஐ அல்லது 2003 முதல் 2011 வரை வந்த 800 எஸ்எக்ஸ்-ஆர் பாருங்கள். உடல் கொஞ்சம் பெரிது, மிதப்பு அதிகம். மிகவும் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 440, 550 மாடல்களை எடுக்காதீர்கள். அருமையான வண்டிகள்தான், ஆனால் ஒல்லியானவை. கற்றுக்கொள்கிறவரைத் தாங்கி நிற்காது. எந்த மாடலானாலும் கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும். "ஹெட் மாற்றியிருக்கிறேன், பைப் மாற்றியிருக்கிறேன், இவ்வளவு செலவு செய்தேன்" என்று நீளும் விளம்பரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அது சாகசம் செய்கிறவருக்கான வண்டி.

பார்க்கப் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் இன்ஜின் ஹெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம் பிடிக்கிற வண்டி என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். இதற்கான கேஜ் எந்த உதிரிபாகக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டே போங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வயர்களை இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆக்கிவிட்டு, கேஜை ஒரு சிலிண்டரில் திருகுங்கள். த்ராட்டிலை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். பிறகு அடுத்த சிலிண்டர். மாற்றம் செய்யாத 701-லும் 750-லும் 150 பிஎஸ்ஐ அளவில் நின்றால் நல்லது. அதைவிட முக்கியம் இரண்டும் ஒத்துப்போவது. ஒன்று 150, இன்னொன்று 120 என்றால் அந்த இன்ஜினைப் பிரிக்கும் நாள் தூரத்தில் இல்லை. 180-ஐத் தாண்டிக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். ஹெட்டில் கைவைத்திருக்கிறார்கள், சாதாரண பம்ப் பெட்ரோல் அதற்குப் போதாமல் போகலாம்.

கழற்றிய பிளக்கையும் உற்றுப் பாருங்கள். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று பொருள். டூ ஸ்ட்ரோக்கில் இது பெரிய ஆபத்து. பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் உள்ளே போகிறது; பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைத்த வண்டியில் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் விறைத்துப்போய்விடும், பழைய பெட்ரோல் பிசினாகித் துளைகளை அடைக்கும். "ரெண்டு வருஷமா ஓடலை, மத்தபடி ஒரு குறையும் இல்லை" என்று சொன்னால், கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவைக் கையோடு விலையில் கழித்துப் பேசுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். கம்பத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அடியில் புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். வண்டியின் அடியில் டார்ச் அடித்து இம்பெல்லரைப் பாருங்கள். இலைகள் கல் பட்டு மடங்கியிருக்கக் கூடாது, சுற்றியுள்ள வளையத்துக்கும் இலைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளியும் இருக்கக் கூடாது. உப்பு நீரில் ஓடியதா என்று கேளுங்கள். பதில் என்னவானாலும் போல்ட் தலைகளில் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருவராகப் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பதும் நல்லது. உடலுக்குள் அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் வண்டி கல்லாகக் கனக்கும். தரையில் ஸ்டார்ட் செய்து காட்டும்போது இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே ஹோஸைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் இன்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும். விற்பவருக்கே இந்த வரிசை தெரியவில்லையென்றால் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஆயில் தனியாகப் போகிறதா, பெட்ரோலில் கலக்க வேண்டுமா? நம் ஊரில் டிவிஎஸ் 50-க்கு பங்கில் 2டி ஆயில் கலந்து ஊற்றுவார்களே, டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டுக்கும் அதே வழிதான். 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். தனி ஆயில் டேங்கோடு வந்த சில வண்டிகளிலும் முந்தைய உரிமையாளர் அந்தப் பம்ப்பை எடுத்துவிட்டிருப்பார். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் முதல் நாளே இன்ஜின் போய்விடும்.

பேப்பர் விஷயத்திலும் கவனம் வேண்டும். பின்பக்கத்தில் 12 எழுத்து-எண் கொண்ட உடல் எண் பொறித்திருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விற்பவர் சொல்லும் ஆண்டோடும் பத்திரத்தோடும் ஒத்துப்பார்க்க ஒரு நிமிடம் போதும். டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டின் பிந்தைய மாடல்கள் அமெரிக்காவில் பந்தயக் களத்துக்கு மட்டும் என்ற குறிப்போடு விற்கப்பட்டவை. உங்கள் மாநிலத்தில் அதைப் பதிவு செய்ய முடியுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். ஓட்டப்போகும் ஏரியின் விதியையும் பாருங்கள். லேக் டாஹோவில் பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குக்கு 1999-இலேயே தடை வந்துவிட்டது.

இங்கேதான் என் பதில் பொருந்தாதவர்கள் வருகிறார்கள். உங்கள் ஏரியில் டூ ஸ்ட்ரோக்குக்கு அனுமதி இல்லையென்றால் புது சூப்பர்ஜெட்டுக்குப் போவதே நேர்வழி. ஸ்பேனர் பிடிக்கும் பொறுமை இல்லாதவருக்கும், பக்கத்தில் மெக்கானிக் இல்லாதவருக்கும், வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், அது ரிப்பேரில் போகக் கூடாது என்கிறவருக்கும் அதுதான் நல்லது. வாரண்டி உண்டு, பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்கிறவருக்காக வேகத்தைக் குறைத்து வைக்கும் எல்-மோட் இருக்கிறது. கொடுக்கும் பணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

பழசு வாங்குகிறவர்கள் கையிலிருப்பது எல்லாவற்றையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். கால் பங்கை ஒதுக்கி வையுங்கள். பாட்டரி, பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் கிட் என்று முதல் மாதத்திலேயே அது வேண்டியிருக்கும். அதே பணத்தில்தான் லைஃப் ஜாக்கெட்டும், கனமான வெட்சூட் கால்சட்டையும் வாங்க வேண்டும். பின்னால் விழும்போது பீய்ச்சும் தண்ணீர் உடலுக்குள் பாய்ந்து மோசமான காயம் ஏற்படுத்தும். சாதாரண நீச்சல் உடை அதைத் தடுக்காது. விழுந்ததும் இன்ஜினை நிறுத்தும் கயிறு ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டில் இருக்க வேண்டும். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறம் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். தப்பான பக்கம் புரட்டினால் எக்ஸாஸ்டில் நிற்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். பழைய வண்டியில் அந்த ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் விற்பவரிடம் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆள் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், கம்ப்ரெஷன் பார்க்க விடாதவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.